ஓடுபாதையும் வேகவைத்த மல்லாட்டையும்

அன்புள்ள மகன் இனியவனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நோய்நொடி இல்லாமல் இருக்கிறோம், வெள்ளாடு இரண்டு குட்டி போட்டு அவையும் வாசலில் துள்ளிக்கொண்டிருக்கின்றன, நீயும் அங்கே வேளைக்குச் சாப்பிட்டு, குளிருக்குக் காதை மூடிக்கொண்டு சுகமாக இருக்கிறாய் என்று உன் பதிலில் படித்தால் எங்களுக்கு மனசு நிறையும். படித்தால் என்று எழுதியிருக்கிறேன் பார், கேட்டால் என்று எழுதவில்லை. கலைப்பிரியா டீச்சரின் சாயங்கால வகுப்பில் எங்கள் கூட்டத்திலேயே முழுக் கடிதம் எழுதத் துணிந்தவன் நான்தான். மற்றவர்கள் பேரும் ஊரும் எழுதியதோடு கரும்பலகைக்குக் கும்பிடு போட்டுவிட்டார்கள். நாற்று நடுகிற மாதிரி ஒவ்வொரு எழுத்தாக ஊன்றிக்கொண்டு போகிறேன், கொஞ்சம் எழுதுவேன், எழுந்து ஆட்டுக்குத் தழை போடுவேன், மறுபடி வந்து உட்காருவேன், அதனால் இந்தக் கடிதத்துக்குள் பல நாள் இருக்கும். போனில் சொல்லக் கூடாதா என்று கேட்பாய். போனில் நான் ஒன்று ஆரம்பித்தால் நீ, பிளேன் வருதுப்பா அப்புறம் பேசறேன் என்று வைத்துவிடுகிறாய். கடிதத்தை வைக்க முடியாது, அது காத்திருக்கும். இன்னொன்று, நீ வேலை செய்கிற ஊரின் வடக்கத்திப் பெயர் என் கைக்கு வரவே இல்லை, மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன், மூன்றும் மூன்று ஊராக இருந்தது. அதனால் உன் ஊர் என்றே எழுதுகிறேன், உறை மேலே விலாசத்தை டீச்சர் எழுதிக் கொடுப்பார்.

விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை வல்லத்திலிருந்து பெண் வீட்டார் நம் வீடு பார்க்க வந்தார்கள். ரோஜாவின் அப்பா பூமாலை, அவருடைய அக்கா கோவிந்தம்மாள், இன்னும் உறவுக்காரர்கள் சிலர் ஒரு வேனில் வந்து இறங்கினார்கள். அந்தப் பெண்ணின் போட்டோவை நீ போனில் வைத்திருப்பதும், அவள் பேச்சு வந்தால் உன் குரல் கொஞ்சம் இறங்கிவிடுவதும் எனக்குத் தெரியாமல் இல்லை. நான் உன் ஊருக்கு வந்திருந்தபோது நீ என்னிடம், அவங்க கேட்டா ஏர்போர்ட்டுல வேலைன்னு மட்டும் சொல்லுங்கப்பா, மீதிய நான் பாத்துக்கறேன் என்று சொன்னாய். நான் அப்போது சரி என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. இப்போது சொல்கிறேன், நான் அதை மட்டும் சொல்லவில்லை, மீதியையும் சேர்த்துத்தான் சொன்னேன். கோபப்பட்டுக் கடிதத்தை மடித்துவிடாதே, கடைசி வரை படி. எனக்கு அந்த மீதி எப்படித் தெரியும் என்று யோசிக்கிறாய் அல்லவா, அதிலிருந்து ஆரம்பிக்கிறேன்.

நான் ஊருக்குத் திரும்பின அன்று நீ விமான நிலையத்து வாசலோடு நின்று, ஆபீஸ்ல அவசர வேலப்பா, சவுரிராயன் உங்கள பத்தரமா கூட்டிக்கினு போவான் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாய். திண்டிவனத்துப் பையன், அங்கே தீயணைப்பு வண்டியில் வேலை செய்கிறவன், லீவில் வருகிறவன், என்னை மாமா மாமா என்று அழைக்கிறவன், அவன் இருக்கும்போது எனக்கு என்ன பயம். பயம் இல்லாததால் எல்லாவற்றையும் நன்றாகப் பார்த்தேன். கண்ணாடிக் கதவு என்னைக் கண்டதும் தானாகத் திறந்தது. நான் பின்னால் நகர்ந்தேன், மூடியது. முன்னால் போனேன், திறந்தது. சரியாகத்தான் வேலை செய்கிறதா என்று இன்னும் ஒருமுறை செய்து பார்த்தேன், துப்பாக்கி வைத்திருந்த காவலருக்கே சிரிப்பு வந்துவிட்டது. உள்ளே பையை ஒரு பெட்டிக்குள் விட்டு வயிற்றுக்குள் ஸ்கேன் எடுக்கிற மாதிரி பார்த்தார்கள், என் சுண்ணாம்பு டப்பாவை மட்டும் வெளியே எடுத்துத் திறந்து மோந்து பார்த்து, முகத்தைச் சுளித்துக்கொண்டு திருப்பிக் கொடுத்தார்கள். நம் விழுப்புரம் பஸ் ஸ்டாண்டில் இருக்கிற மாதிரியே தாய்மார்கள் பால் கொடுக்க ஓர் அறை, நடக்க முடியாதவர்களுக்குச் சக்கர நாற்காலி, பெட்டிகள் ஊர்வலம் போகிற ரப்பர் பாதை ஒன்று, கடை ஒன்றே ஒன்று. அங்கே டீ விலையைக் கேட்டதும் எனக்குத் தாகம் அடங்கிவிட்டது.

ஒரு பக்கத்தில் வரிசையாக மேசைகள், மேலே துணி போட்டு மூடியிருந்தது. இது என்னடா என்றால் சவுரிராயன், மாமா, இது பாஸ்போர்ட் பாத்து முத்திரை குத்தற எடம், வெளிநாட்டு பிளேன் குளிர்காலத்துலதான் வரும், மத்த நாள்ல தொடச்சி மூடி வெச்சிருவாங்க என்றான். எனக்கு, வருஷத்துக்கு ஒருமுறை இழுக்கிற தேரைத் தகரம் போட்டு மூடி வைப்பதுதான் நினைவுக்கு வந்தது. அப்ப ஏன்டா பேர்ல மட்டும் இண்டர்நேசனலு என்றேன். தேரு நிலையில நிக்கும்போதும் தேருதான மாமா என்றான். பையன் கெட்டிக்காரன். ஆனால் ஒரு வருத்தம். நான் இந்த வயதில் எழுத்துக் கற்றுக்கொண்டு போனேன், அத்தனை பெரிய கட்டடத்தில் எத்தனையோ போர்டு தொங்குகிறது, என் எழுத்து ஒன்றுகூட இல்லை. பிறகு சென்னையில் வந்து இறங்கியதும் முதல் போர்டிலேயே வருகை என்று இருந்தது. நான் நின்று சத்தமாகப் படித்தேன், பின்னால் வந்தவர்கள் எல்லாரும் நின்றுவிட்டார்கள், சவுரிராயன் என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான்.

அதற்கு முன்னால் நடந்ததைச் சொல்ல வேண்டும். உங்கள் ஊரில் விமானத்துக்கு நடந்தேதான் போனோம், படியில் ஏறி எனக்கு ஜன்னல் பக்கம் இடம். விமானம் மெதுவாக ஊர்ந்து போய்ப் பாதையின் ஒரு கோடியில் திரும்பி நின்றது. நின்றது நின்றபடியே இருக்கிறது. ஒலிபெருக்கியில் ஏதோ சொன்னார்கள். முன்னால் இருந்த ஒருவர் கைக்கடிகாரத்தைக் காட்டிக் காட்டி இந்தியில் முணுமுணுத்தார். நான் வெளியே பார்த்தேன். முதல் நாள் மழை பெய்திருந்தது, புல் பளபளவென்று இருந்தது, பாதையின் மேலே வெள்ளையாக ஒரு கொக்குக் கூட்டம், சாப்பாட்டுப் பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தது. ஒரு மஞ்சள் ஜீப் வந்து நின்றது. அதிலிருந்து ஒருவன் குதித்து ஓடினான், கையில் துப்பாக்கி மாதிரி ஒன்று, மேலே காட்டினான், புகை வந்தது, சத்தம் எங்களுக்குக் கேட்கவில்லை. கொக்குகள் எழும்பி ஒரு சுற்றுச் சுற்றி, கொஞ்சம் தள்ளி மறுபடியும் உட்கார்ந்தன. அவன் மறுபடியும் ஓடினான். தலையில் சிவப்புக் கட்டம் போட்ட துண்டு, உன் அம்மா கொடுத்தனுப்பிய துண்டு. சவுரிராயன் என் தோளைத் தட்டி, மாமா இந்தப் பக்கம் பாருங்க, டவரு நல்லா தெரியிது, மாமா இங்க பாருங்க என்று என்னைத் திருப்பப் பார்த்தான். ஒருவன் நடக்கிறதை வைத்தே யார் வீட்டுப் பிள்ளை என்று சொல்கிற ஊர்க்காரன் நான், என் பிள்ளை ஓடுவது எனக்குத் தெரியாதா. பள்ளிக்கூட மணி அடித்த பிறகு ஒரு கையை விரித்துக்கொண்டு வரப்பில் ஓடுவாயே, அதே ஓட்டம்.

கடைசியில் கொக்குகள் மொத்தமாக எழும்பி மதிலுக்கு அந்தப் பக்கம் போய்விட்டன. நீ புல்லில் நின்று கையைத் தூக்கிக் காட்டினாய், ஜீப் நகர்ந்தது, உடனே இந்தப் பக்கம் எங்கள் விமானம் உறுமியது. நீ துண்டை அவிழ்த்து முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாய். நான் ஜன்னலில் கையை வைத்தேன், நீ பார்க்கவில்லை. முணுமுணுத்த ஆளிடம் நான் தமிழிலேயே, அது என் புள்ளைங்க, அவன் கை காட்டினாதான் இது கெளம்பும் என்றேன். சவுரிராயன் தலையில் அடித்துக்கொண்டு அதை இந்தியில் சொன்னான். அவர் என்னையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு ஒரு மிட்டாய் கொடுத்தார். நல்ல மிட்டாய்.

அதற்குப் பிறகு சவுரிராயனை நான் விடவில்லை. சத்தியம் வாங்கிக்கினான் மாமா, சொல்லக்கூடாதுன்னான் என்று அழுகிற குரலில் சொன்னான். நீ சொல்லலடா, நான்தான பாத்தேன், பாத்ததுக்கு விளக்கம் மட்டும் சொல்லு என்றேன். மேகத்துக்கு மேலே உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் கேட்டேன். விடிந்ததும் நீ ஜீப்பில் பாதை முழுவதும் போய் ஒரு கல், ஒரு திருகாணி கிடந்தால்கூடப் பொறுக்கிவிட்டு வருவாயாம். மழை பெய்தால் மண்புழு எல்லாம் பாதைமேல் ஏறிவிடுமாம், புழு வந்தால் கொக்கு வரும், அதனால் துடைப்பம் எடுத்துப் புழுவைத் தள்ளுவாயாம். புல்லை ரொம்ப ஒட்ட வெட்டினால் பறவைக்குப் பூச்சி தெரியும், ரொம்ப வளர விட்டால் பறவை ஒளிந்துகொள்ளும், அதனால் நடுத்தரமாக வைப்பார்களாம். பருந்து கத்துகிற சத்தத்தை ஒலிபெருக்கியில் போடுவார்களாம். ஒரு கொக்கு இயந்திரத்துக்குள் போனால் விமானத்துக்கு என்ன ஆகும் என்பதையும் சொன்னான், அதை நான் எழுதப் போவதில்லை.

டிப்ளமா படித்தவன் ஏன் மறைத்தாய் என்று எனக்குத் தெரிந்த மாதிரிதான் இருக்கிறது. உன் அம்மா பாவாடை கட்டின வயசில் பெரிய வீட்டுக் கொல்லையில், டீச்சர் வேர்க்கடலை என்று எழுதுகிற மல்லாட்டையை விதைத்தபோதெல்லாம் தகர டப்பாவைத் தட்டிக் காக்கா ஓட்டினவள். என் புள்ள நிழல்ல உக்காந்து வேல செய்யணும் என்று சொல்லிச் சொல்லியே உன்னை வளர்த்தாள். அவளிடம் போய் எப்படிச் சொல்வது என்றுதான் ஆபீஸ் வேலை என்று சொல்லியிருக்கிறாய். நானும் ஊருக்கு வந்து அவளிடம் சொல்லாமலே இருந்தேன், முதலில் உனக்கு எழுதிவிட்டு அப்புறம் சொல்லலாம் என்று நினைத்தேன். ஆனால் என் எழுத்தைவிட வல்லத்து வேன் ஜல்தியாக வந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை நடந்ததைக் கேள். நம் பக்கத்து வழக்கம் உனக்குத் தெரியும், பேச்சு முடிகிற வரைக்கும் பெண் வீட்டார் மாப்பிள்ளை வீட்டில் கை நனைக்கமாட்டார்கள், நனைத்தால் சம்மதம் என்று ஊருக்கே சொன்ன மாதிரி. கோவிந்தம்மாள் இறங்கும்போதே, தண்ணி கூட பாட்டல்ல கொண்ணாந்துட்டோம், சிரமப்படாதீங்க என்று சொல்லிவிட்டுத்தான் பாயில் உட்கார்ந்தாள். அம்மா சும்மா இருப்பாளா, மரியாதைக்கு ஒரு முறம் நிறைய வேகவைத்த மல்லாட்டையை நடுவில் கொண்டுவந்து வைத்தாள். யாரும் தொடவில்லை. ஆவி பறந்துகொண்டு அது பாட்டுக்கு இருந்தது. பூமாலை நல்ல மனிதர், கட்டட மேஸ்திரி, முன்பு விக்கிரவாண்டிப் பக்கம் நான்குவழிச் சாலை போட்டபோது அதில் வேலை செய்தவர். அவர் உன் சம்பளத்தைக் கேட்கவில்லை. ஏண்ணே, நீங்க நேர்ல போய்ப் பாத்தீங்களாமே, பிளேன் எறங்கற ரோடு எப்டி கீது, தாரா, சிமிட்டியா என்றார். எனக்கு அதைவிட என்ன வேண்டும்.

சவுரிராயன் சொன்னதை எல்லாம் சொன்னேன், தப்பாகச் சொல்லியிருந்தால் திருத்தி எழுது. சண்டைக் காலத்தில் வெள்ளைக்கார ராணுவம் அந்த மண்ணைச் சமன் பண்ணிச் செங்கல் சல்லி கொட்டி ஒரு நீட்டுப் பாதை போட்டது, சண்டை முடிந்ததும் விட்டுவிட்டுப் போய்விட்டது, அதற்குப் பிறகு பல வருஷம் அங்கே எருமைதான் மேய்ந்தது, ஜனங்கள் கோதுமையைக் காயப்போட்டார்கள் என்றேன். பூமாலை தொடையைத் தட்டிச் சிரித்து, நம்மாளுங்க மட்டுந்தான் ரோட்டுல கேப்பைய காய வெக்கறாங்கன்னு நெனச்சிக்கினு இருந்தேன் என்றார். அப்புறம் கரும்பு ஆலை முதலாளி ஒருவர் சின்ன விமானம் வைத்திருந்தார், அவர் வருகிறார் என்றால் ஆலைச் சங்கை ஊதுவார்கள், சங்குச் சத்தம் கேட்டதும் எருமைக்காரன் எருமையை ஓட்டுவான், கோதுமைக்காரி கோதுமையை வாரிக்கொண்டு ஓடுவாள், வாரி முடிகிற வரை அவர் மேலேயே வட்டம் அடித்துக்கொண்டு இருப்பார் என்றேன். கோவிந்தம்மாள்கூட வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

பக்கத்தில் பழைய புத்தர் கோயில் இருப்பதால் கடல் தாண்டிச் சாமியார்கள் வருவார்கள், அவர்களுக்காகத்தான் அரசாங்கம் நிலம் சேர்த்து, மதில் கட்டி, பாதையை நீட்டி, கட்டடம் எழுப்பி, சர்வதேசம் என்று பேரும் வைத்தது என்றேன். முதல் வெளிநாட்டு விமானம் வந்து இறங்கினபோது சவுரிராயன் தீயணைப்பு வண்டியில் இருந்தானாம், இரண்டு பக்கமும் இரண்டு வண்டி நின்று மேலே தண்ணீர் பீய்ச்சி வளைவு கட்ட, அதற்குள் நுழைந்து விமானம் வந்ததாம். மதிலுக்கு வெளியே நின்ற ஜனங்கள் பிளேன் பத்திக்கிச்சி என்று அலறிக்கொண்டு ஓடினார்களாம். கோவிந்தம்மாள் முன்னால் நகர்ந்து, பிளேனுக்கு ஆரத்தியா, மஞ்சா கலந்தாங்களா என்றாள். அதை நான் கேட்கவில்லை, நீ விசாரித்து எழுது. பூமாலை மறுபடியும் பாதைக்கே வந்தார். மழைத் தண்ணி எப்டி வடியும், அவ்ளோ அகலம் கீதே என்றார். நடுவில் மேடாக, இரண்டு பக்கமும் சரிவாக வைத்திருக்கிறார்கள் என்றேன். மீன் முதுகு, மீன் முதுகு, நாங்களும் அப்டித்தான வெச்சோம் என்று சந்தோஷப்பட்டார். வெள்ளைக்காரன் போட்ட சல்லி இன்னும் அடியில் இருக்கிறதா என்றார், அதற்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. விளக்குகளைத் தரையோடு தரையாகப் புதைத்திருப்பதையும், சக்கரம் உரசி உரசி ரப்பர் கறுப்பாகப் படிந்துவிடும், அதை அவ்வப்போது தேய்த்துக் கழுவுவார்கள் என்பதையும் சொல்லிக்கொண்டே இருந்தேன். பூமாலை கண்ணை என் முகத்தில் இருந்து எடுக்கவில்லை. கை மட்டும் அது பாட்டுக்கு முறத்துக்குப் போய்வந்துகொண்டிருந்தது.

கோவிந்தம்மாள்தான் முதலில் பார்த்தாள். டேய் பூமால, இன்னாடா பண்ணிக்கினு கீற என்று ஒரு சத்தம். அவர் குனிந்து பார்த்தார், எதிரில் மல்லாட்டைத் தோல் ஒரு குவியல், வாயில் பருப்பு, கையில் பிரித்தது ஒன்று. துப்பவும் முடியவில்லை, விழுங்கவும் முடியவில்லை. கை நனைச்சிட்டியேடா பாவி என்றாள் அக்கா. நான் எங்க நனைச்சேன், சோறா துன்னேன், மல்லாட்டைதான என்றார் தம்பி. வேக வெச்ச மல்லாட்டடா, உப்பு போட்டு வேக வெச்சது, உப்பு பட்டா பட்டதுதான் என்றாள். வேனில் வந்த ஒரு மாமன், வறுத்ததுன்னா கணக்கு இல்ல, வேக வெச்சதுன்னா கணக்குதான் என்று தீர்ப்புச் சொன்னார். இன்னொருவர், முறத்த நடுவுல கொண்ணாந்து வெச்சாங்களே, அவங்க பலே ஆளுங்க என்றார். எல்லாருக்கும் சிரிப்பு. உன் அம்மா முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும் இனியவா, கல்யாணமே முடிந்து பந்தி நடக்கிற மாதிரி இருந்தது. கோவிந்தம்மாளும், சரி, கெரகம், ஆனது ஆயிப்போச்சி, குடுங்க எனக்கும் ரெண்டு என்று கையை நீட்டிவிட்டாள்.

அந்த நிமிஷம் நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் எல்லாம் முடிந்திருக்கும். ஆனால் அவர் என் கதையைக் கேட்டுக்கொண்டுதானே தின்றார், அந்தக் கதையில் நான் இன்னும் உன்னைச் சொல்லவே இல்லை. பாதையைச் சொன்னேன், விளக்கைச் சொன்னேன், எருமையைக்கூடச் சொன்னேன். நான் கோவிந்தம்மாளைப் பார்த்து, கொஞ்சம் இருங்கம்மா, தம்பி துன்னது கணக்குல சேத்தி இல்ல, மீதியையும் கேட்டுட்டு அப்புறம் கை நீட்டுங்க என்றேன். ஜன்னல் வழியாகப் பார்த்ததைச் சொன்னேன். என் புள்ள ஆபீஸ்ல இல்ல, பாதையிலதான் கீறான், அவன் வேல பறவை ஓட்டறது என்றேன். சிரிப்பு அப்படியே நின்றுவிட்டது. உன் அம்மா கதவைப் பிடித்துக்கொண்டாள். கோவிந்தம்மாள் நீட்டின கையை மடக்கி முந்தானையில் துடைத்துக்கொண்டு, எங்க ஊட்டுக் கொல்லையில காக்கா ஓட்ட ஆளு கெடைக்காமத்தான் பொண்ணு வளத்தோமா, அதுக்கு ஏரோப்ளேன் ஏறி வேற போணுமா என்றாள். பூமாலை தோலை எல்லாம் கையால் கூட்டி ஓரமாக ஒதுக்கினார், எழுந்தார், போயிட்டு வர்றோம்ணே என்று சொன்னார், என்னைப் பார்க்கவில்லை.

வேன் போன பிறகு உன் அம்மா என்னிடம் பேசவில்லை. சோறு வைத்தாள், பேசவில்லை. தோலை ஆட்டுக்குட்டி தின்று தீர்த்தது. மறுநாளும் அப்படியே. எனக்குப் பேஜாராகிப் போய் வகுப்புக்குக்கூடப் போகவில்லை. அதற்கு அடுத்த நாள் கொல்லையில் இருந்து விறகு சுமந்து வந்தவள் கட்டைக் கீழே போட்டுவிட்டு, இன்னாய்யா, அங்க அவனுக்கு நிக்க நெழல் கீதா, இல்ல வெட்ட வெளிதானா என்றாள். ஜீப்புக்குக் கூரை இருக்கிறது என்றேன். டப்பா தட்டறானா என்றாள். இல்லை, வெடி என்றேன். காதுல பஞ்சு வெச்சிக்கறானா கேளு என்றாள். அவள் அழவில்லை. ஆனால் அன்றைக்கு முழுக்க இதையே மாற்றி மாற்றிக் கேட்டாள், காக்கா வருதா, கொக்கு மட்டுந்தானா, கிளி வருதா என்று. நான் தெரிந்ததைச் சொன்னேன். ஆபீஸ் வேலை என்று நீ சொன்ன இத்தனை நாளில் அவள் உன் வேலையைப் பற்றி ஒரு கேள்விகூடக் கேட்டதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

நேற்றுப் பொழுது சாய்கிற நேரம், நான் இந்தக் கடிதத்தில் எருமை மேய்ந்த இடத்தை எழுதிக்கொண்டிருந்தேன், வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. பூமாலை, தனியாக, காலில் சிமிட்டிகூடக் கழுவாமல். வேலையிலிருந்து நேராக வந்திருக்கிறார். உட்காருங்கள் என்றேன், உட்காரவில்லை. செஞ்சி மருந்துக் கடையில் வேலை முடிந்து வந்த ரோஜாவிடம் எல்லாவற்றையும் சொன்னாராம். அவள் கேட்ட முதல் கேள்வி, அத நாம கண்டுபுடிச்சமா, அவங்களா சொன்னாங்களா என்பதாம். அவங்களாத்தான் சொன்னாங்க, அதுவும் நான் மல்லாட்ட துன்னதுக்கு அப்புறம் என்றாராம். அப்ப இன்னாப்பா யோசன என்றாளாம். அத்தை கோவிந்தம்மாள் மட்டும் இன்னும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருக்கிறாள், நிச்சயத்துக்கு நல்ல புடவையாக எடுத்தால் இறக்கிவைத்துவிடுவாள் என்று பூமாலையே சொன்னார். சொல்லிவிட்டு அம்மாவைப் பார்த்து, எதுனா இருந்தா குடும்மா, அன்னிக்குத் தெரியாம துன்னுட்டேன், இன்னிக்குத் தெரிஞ்சே துன்றேன் என்றார். நேற்றைக்குப் பார்த்து வீட்டில் மல்லாட்டை இல்லை, கேப்பைக் களியும் கருவாட்டுக் குழம்பும்தான் இருந்தது. அம்மா சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து வாசலில் அவர் கையில் ஊற்றினாள். ரொம்ப நேரம் ஊற்றினாள்.

சாப்பிட்டு முடித்துவிட்டுப் பைக்கில் உட்கார்ந்த பிறகு பூமாலை திரும்பி, மறந்தே பூட்டேன், ரோஜா ஒண்ணு கேக்கச் சொல்லிச்சி என்றார். ஓட்டின பறவைங்க எங்க போவும், அதுங்களுக்கு வேற எடம் கீதா, அதான் அதோட கேள்வி என்றார். அன்றைக்கு ஜன்னலில் நான் உன்னைப் பார்த்தேன், விமானத்தைப் பார்த்தேன், புகையைப் பார்த்தேன், மதிலுக்கு அந்தப் பக்கம் போன கொக்குகளைப் பற்றி எனக்குத் தோன்றவே இல்லை. பூமாலைக்கும் தோன்றவில்லை. சவுரிராயனுக்குப் போன் போட்டேன், அவனும் தெரியல மாமா என்றுவிட்டான்.

அதனால் இனியவா, இதற்கு நீதான் பதில் சொல்ல வேண்டும், என்னிடம் அல்ல, அவளிடம். நீ ஜீப்பில் ஏறி மதிலுக்கு வெளியே போய் ஒருநாள் பார், ஏரியா, கரும்புத் தோட்டமா, எங்கே போய் இறங்குகின்றன என்று பார்த்துவிட்டு உள்ளதை உள்ளபடி அவளுக்கு எழுது. போனில் சொல்லாதே, பாதியில் பிளேன் வந்துவிடும். ஆபீஸ் என்ற வார்த்தை அந்தக் கடிதத்தில் வரக்கூடாது. தை பிறந்ததும் நிச்சயம் வைத்துக்கொள்ளலாம் என்று பூமாலை சொல்கிறார், லீவுக்கு இப்போதே சொல்லி வை. காதில் பஞ்சு வைத்துக்கொள், இது அம்மா சொல்லச் சொன்னது. சிவப்புத் துண்டு கிழிந்திருந்தால் சொல், வேறு வாங்கி அனுப்புகிறாள், அதே கட்டம், தூரத்தில் இருந்து பார்த்தால் தெரிகிற மாதிரி.

நம் குலசாமி உனக்கும், உன் கை காட்டலில் ஏறி இறங்குகிற அத்தனை ஜனத்துக்கும், அந்தக் கொக்குகளுக்கும் துணை நிற்கட்டும். நீண்ட ஆயுசோடு, நல்ல பேரோடு இரு. ரோஜாவுக்கு எழுதுவதை எனக்கும் ஒரு வரி எழுது, பறவைகள் எங்கே போகின்றன என்று தெரியாமல் எனக்கும் தூக்கம் வரவில்லை.

என்றும் உன் நன்மையே நினைக்கும் அப்பா,
விருத்தாசலம்
(எல்லாம் நானே எழுதியது, டீச்சர் உறையில் மட்டும்தான் கை வைத்தார்)